சொட்டு இறங்காத பை

ஜூன் 2

கம்பெனிக்குப் பூட்டு. கூரையை மாற்றப்போகிறார்களாம், இரண்டு மாதமாவது ஆகும், திறக்கும்போது கூப்பிடுகிறோம் என்று சொல்லி சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். எல்லாரும் கப்பல் கவிழ்ந்த மாதிரி முகத்தோடு வெளியே வந்தார்கள். எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். மறைக்கவும் தெரியவில்லை. பக்கத்து மெஷின்காரி முறைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு வருஷமாக நான் கால்சட்டைப் பாக்கெட்டின் அடியைத் தைக்கிறேன். முழுக் கால்சட்டை இல்லை. முழுப் பாக்கெட்டும் இல்லை. அடி மட்டும். இரட்டைத் தையல், நூலை வெட்டு, தள்ளு, அடுத்தது. ஒரு பொருளை முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் நானே தைத்து, ஒருத்தர் தோளில் மாட்டிப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை. சரி, இருக்கிறது. ஆனால் இதுதான் முதல்.

வீட்டு மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். இவர் பார்த்துவிட்டு, "லீவுன்னா தூங்குவாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

ஜூன் 4

சின்னவள் வந்தாள். என் தங்கைக்கு வயது முப்பத்தாறு ஆனாலும் எங்கள் வீட்டில் அவள் சின்னவள்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். நேற்று பெய்த முதல் மழையில் அவளுடைய பையின் லட்சணம் தெரிந்துவிட்டது. கட்டுத்துணிப் பொட்டலம் ஒவ்வொன்றையும் இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள்.

"பாதி நேரம் கவரைப் பிரிக்கிறதுலயே போகுதுக்கா. கை ஈரமா இருந்தா அதுவும் வழுக்குது."

"நான் தச்சுத் தர்றேன். தண்ணி இறங்காத பை."

"நீ பாக்கெட் தைக்கிறவ."

"பைன்னா என்னடி? பெரிய பாக்கெட்."

சிரித்துவிட்டாள். பிறகு போகிறபோக்கில் ஒன்று சொன்னாள், அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் குழுவுக்கே நல்ல பை தேடுகிறார்களாம். பெரிய நர்ஸம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லையாம். ஒரு பை மழையில் நின்று காட்டிவிட்டால் எல்லாருக்கும் அதையே தைக்கச் சொல்வாராம்.

எல்லாருக்கும்! அது நடந்தால் கூரை மாற்றி முடிந்தாலும் நான் அந்த வாசலை மிதிக்க வேண்டாம். நடக்காவிட்டால் மறுபடியும் பாக்கெட்டின் அடி. இவ்வளவுதான் விஷயம். எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது. நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது.

ஜூன் 7

முதல் முயற்சி. கனமான கான்வாஸ் துணி, மேலே மெழுகுவத்தியைத் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு. மெழுகு உருகித் துணிக்குள் போயே போய்விட்டது! ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் துணிமேல் உருண்டையாகத் திரண்டு, அங்கும் இங்கும் ஓடி, விளிம்பில் இறங்கித் தரையில் விழுந்தது. துணி நனையவில்லை. கூச்சல் போட்டதில் இவர் குளியலறையிலிருந்து பாதி சோப்போடு ஓடி வந்தார்.

"என்னம்மா, ஷாக்கா?"

"தண்ணி ஓடுது பாருங்க!"

அவர் என்னைத்தான் பார்த்தார்.

ஜூன் 8

அதே பெட்டியால் இவர் சட்டையைத் தேய்த்துவிட்டேன். முதுகில் பெரிய மெழுகு வட்டம். "மழைக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுக்கறேன்" என்று அதையே போட்டுக்கொண்டு தன் பஞ்சர் கடைக்குப் போனார்.

ஜூன் 11

மெழுகுவத்தி மட்டும் போதாது. துணி அட்டை மாதிரி விறைக்கிறது, மடித்தால் மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. கோட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இறங்குகிறது.

செருப்புக் கடைக்காரர் தையல் நூலை ஒரு மஞ்சள் கட்டியில் இழுத்து இழுத்துத் தைப்பார், அது ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன். தேன்மெழுகாம். அவர் வாங்கும் இடத்திலேயே நானும் வாங்கினேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்ன டப்பாவை வைத்து, இரண்டு மெழுகையும் சேர்த்து உருக்கி, சோப்பு டப்பாவில் ஊற்றி ஆறவைத்துக் கட்டியாக்கினேன். அந்தக் கட்டியைத் துணியில் தேய்த்து, இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் தலை காயவைக்கும் டிரையரைக் காட்டினேன். பளபளவென்று ஈரமாகி, அடுத்த நிமிஷம் மெழுகு இருந்த சுவடே இல்லை. துணி கொஞ்சம் கருத்து, தோல் மாதிரி ஆகிவிட்டது. மடித்தேன், கசக்கினேன், மேலே ஏறி உட்கார்ந்தேன். கோடே இல்லை!

வீடு முழுக்கத் தேன் வாசனை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, தண்ணீர் கேன் போட வந்தவரைப் பிடித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார் பாவம்.

ஜூன் 12

துணியைப் பாத்திரத்தின் வாயில் தொய்வாகக் கட்டி, குழியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது, அடியில் பாத்திரம் காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டுகூட இல்லை.

நான் இனி கம்பெனிக்குப் போகப்போவதில்லை. இப்போதே தெரிகிறது.

ஜூன் 15

பை முடிந்தது. என் பை! ஆற அமர வெட்டி, மெழுகேற்றி, தைத்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி கிளிப் போடுவது மாதிரி செய்தேன். ஜிப் வைத்தால் அதன் பல்லிடுக்கில் தண்ணீர் புகும், அதனால் ஜிப் கிடையாது. அடியில் நல்ல இரட்டைத் தையல். அதுவும் போதாது என்று மேலே இன்னொரு முறை ஓட்டினேன். யானைக்குட்டியை வைத்துத் தூக்கினாலும் பிரியாது.

சின்னவள் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். அவளுக்குப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரியும், உதட்டைக் கடித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் உள்ளே வைக்கும்போது மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் கவர்!

"அதை எடுடி. என் பைக்கு அவமானம்."

"முதல் மழை மட்டும் இருக்கட்டும்க்கா."

"கவர் போட்டா பை நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? என்மேல நம்பிக்கை இல்லையா?"

கவரையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

ஜூன் 19

நேற்று ராத்திரியிலிருந்தே மழை வெளுத்து வாங்குகிறது. காலையில் நான் சந்தோஷமாக ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பெய், இன்னும் பெய் என்று. வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் வந்தாள். பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள், அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ரம்பம் நழுவிக் காலைக் கிழித்துக்கொண்ட தச்சர் ஒருவருக்கு அவள்தான் தினமும் கட்டு மாற்றுகிறாள். இன்றைக்கும் போயிருக்கிறாள். பழைய கட்டை அவிழ்த்து, புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, பையைத் திறந்தால் – அடியில் இருந்த பொட்டலம் எல்லாம் ஈரம். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில்தான் பையை வைப்பாள், அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஈரமான கட்டுத்துணியைப் புண்ணில் வைக்கக் கூடாது. அந்த மனிதர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு திறந்த புண்ணோடு உட்கார்ந்திருக்க, இவள் கொட்டுகிற மழையில் ஆபீசுக்கும் அங்கேயுமாக ஓடியிருக்கிறாள். அதற்குள் அவருக்குக் காலெல்லாம் நடுக்கமாம். வலியை அடக்கிக்கொண்டு, "பரவால்லம்மா, மெதுவா வாங்க" என்றாராம்.

"கவரை யார் எடுக்கச் சொன்னதுன்னு மேடம் கேட்டாங்க. என் அக்கான்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும்."

நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன்.

"உன் பையும் வேண்டாம், உன் பேச்சும் வேண்டாம். ஆரம்பிச்சா அடுத்தவ பேச்சைக் காதுலயே வாங்க மாட்டே. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

போயிட்டா. டீ குடிக்கலை. குடையைக்கூட எடுத்துக்கலை.

அவ சொன்னது சரிதானே? முதல் மழை மட்டும் இருக்கட்டும்னு கெஞ்சினாளே. எனக்கு எதுக்கு அவ்ளோ அவசரம்? யாரோ ஒருத்தர் காலை வச்சா என் பையைச் சோதிச்சுப் பாக்கணும்? கேடுகெட்டவ. இதுக்கு மேல எழுத முடியலை.

ஜூன் 20

சமையல். துணி துவைத்தல். தூக்கம்.

ஜூன் 23

இவருக்கு நான் பேசாமல் இருப்பது பழக்கமில்லை, பாவம், வீட்டில் ரேடியோ நின்றுபோன மாதிரி அலைந்துகொண்டிருந்தார். இன்றைக்குப் பஞ்சர் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிட்டு வந்து, மூலையில் கிடந்த பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கே ஒழுகுச்சு?"

"தெரியலை. துணி நல்லாத்தான் இருக்கு. ராத்திரி பூரா தண்ணி நின்னுச்சே."

"துணியைச் சோதிச்சே. பையைச் சோதிச்சியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"டியூப் புதுசுதான்னு ரப்பரைத் தடவிப் பாத்துட்டு நான் கொடுத்துடுவேனா? காத்தடிச்சு, தண்ணியில முக்கி, எங்கே குமிழி வருதுன்னு பாத்துட்டுத்தான் கொடுப்பேன்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். வாய் வரைக்கும் தண்ணீரை நிரப்பித் துணி உலர்த்தும் கம்பியில் மாட்டினேன்.

துணியில் ஒரு சொட்டு இல்லை. அடியில் வரிசை வரிசையாகச் சொட்டுகிறது. ஊசி இறங்கிய ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு. நான்கு வரிசை. இரட்டைத் தையல், மேலே இன்னொரு இரட்டைத் தையல். என் பதினோரு வருஷத்துத் தையல்! ஒற்றைத் தையல் போட்டால் செக்கிங்கில் தூக்கி எறிவார்கள் என்று பழகிய கை, தண்ணீர் இறங்காத துணியைக் கஷ்டப்பட்டுச் செய்துவிட்டு, பலமாக இருக்கட்டும் என்று நானூறு ஓட்டை போட்டிருக்கிறது.

சிரிப்பு வந்தது. நாலு நாள் கழித்துச் சிரிப்பு. இவர் ஈரக் கையோடு எட்டிப் பார்த்து, "ஷவர் நல்லா இருக்கே" என்றார்.

ஜூன் 24

அடியில் தையலே வேண்டாம்! நீளமாக ஒரே துணி, நடுவில் மடித்தால் மடிப்புதான் அடி. தையல் இரண்டு பக்கமும் மட்டும். ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அடி என்றாலே தைக்க வேண்டும் என்று எனக்குள் ஊறிவிட்டது.

ஜூன் 27

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மெழுகேற்றிய துணியில் ஊசி குத்தினால் ஓட்டை மூடாது, அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் முதலில் தையல், பிறகு மெழுகு. மெல்லிய ஊசி, நீளத் தையல், ஒரே வரிசை. ஒற்றை வரிசை ஓட்டிவிட்டு மெஷினை நிறுத்துவதற்குள் என் கால் பெடலில் துடிக்கிறது, இன்னொன்று, இன்னொன்று என்று. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தையல்மேல் உள்ளும் புறமும் மெழுகைத் தேய்த்து, டிரையர் பிடித்து, ஆறியதும் மறுபடியும் தேய்த்து… விரல் நுனியெல்லாம் வழவழ. காலையில் டம்ளர் நழுவி உடைந்தது. போகட்டும்.

ஜூலை 1

நிரப்பினேன். மாட்டினேன். அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்தேன்.

மத்தியானம், ஒன்றுமில்லை.

சாயங்காலம், ஒன்றுமில்லை! கம்பிதான் கனம் தாங்காமல் வளைந்திருக்கிறது. இவர் குனிந்து பையின் அடியைத் தடவி, விரலைச் சட்டையில் துடைத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். பஞ்சர் ஒட்டியவுடன் வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரல். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். சட்டையில் மெழுகு.

ஜூலை 3

சின்னவளுக்குப் போன் செய்தேன்.

"நல்லா இருக்கியா?"

"ம்."

"அந்தத் தச்சர் எப்படி இருக்கார்?"

"பரவால்ல. ஆறிட்டு வருது."

"வேற ஒரு பை தச்சிருக்கேன். இந்தத் தடவை–"

"அக்கா, அதைப் பத்தி மட்டும் பேசாதே. மேடம் வேற இடத்துல பாக்கறாங்க. நான் இன்னொரு தடவை சிபாரிசு பண்ண மாட்டேன்."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கவர் வேண்டும் என்றால் போட்டுக்கொள், நான் வாயே திறக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூலை 6

இதை எழுதுவது நர்ஸ்கள் ஆபீஸ் வராந்தா பெஞ்சில். நான் தலையிலிருந்து கால்வரை தொப்பல். எழுதும் கையை முதலில் சுவரில் தேய்த்துத் துடைக்க வேண்டியிருந்தது.

காலையில் மழை பிடித்ததும் முடிவு செய்துவிட்டேன். யாருடைய கட்டுத்துணியும் வேண்டாம், யாருடைய காலும் வேண்டாம். என்னுடையது ஒன்றை உள்ளே வைத்து நானே நனைகிறேன். பழைய செய்தித்தாளை வைக்கலாமா என்று பார்த்தேன். அது நனைந்தால் எனக்கென்ன வலிக்கப்போகிறது? இந்த நோட்டை வைத்தேன். மை பேனாவால் எழுதியது, ஒரு சொட்டுப் பட்டால் போதும், ஆறு வருஷத்து எழுத்தும் நீலக் குழம்பாகிவிடும்.

குடை இல்லை. பஸ் இல்லை. முழு வழியும் நடை. இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தேங்கிய தண்ணீரில் பையை வைத்து எடுத்தேன். ஒரு கடைக்காரர் கூப்பிட்டு உள்ளே ஒதுங்கி நிற்கச் சொன்னார். "வேண்டாங்க, நனையணும்" என்றேன்.

இப்போது திறந்தேன். நோட்டு காய்ந்திருக்கிறது. காய்ந்திருக்கிறது! இதோ எழுதுகிறேனே! என் தலைமுடியிலிருந்துதான் பக்கத்தில் சொட்டிவிடும்போல் இருக்கிறது. மூடி, பைக்குள்ளேயே திரும்ப வைக்கிறேன். கதவு திறக்கிறது.

ஜூலை 6, சாயங்காலம்

நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

பெரிய நர்ஸம்மா குள்ளம், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். சின்னவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் நின்ற இடத்தில் குளம். நர்ஸம்மா பையின் சுருட்டைப் பிரித்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, நோட்டை எடுத்தார். அட்டையைத் தடவினார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், படிக்காமல், கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு.

"காஞ்சுதான் இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஒரு பக்கத்தில் நின்றார். "இது என்ன? நனைஞ்சு சுருங்கியிருக்கே. மையும் பரவியிருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஜூன் 19.

"அது… டீ கொட்டிடுச்சு."

"டீன்னா கறை தெரியுமே. இது தண்ணி."

அவ்வளவுதான், பை தோற்றுவிட்டது. உண்மையைச் சொன்னால்தான் ஜெயிக்கும். சின்னவள் என்னையே பார்க்கிறாள். நான் அழுது அவள் பார்த்ததே கிடையாது, அம்மா அப்பா போனபோதுகூட.

"மழை இல்லைங்க. அது போன மாசம். அன்னைக்கு நான் அழுதேன்."

நர்ஸம்மா நம்புவதா வேண்டாமா என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தார். சின்னவள் நோட்டை வாங்கினாள். தேதியைப் பார்த்தாள். படிக்காதே என்று கையை நீட்டினேன், திரும்பிக்கொண்டாள். நின்றுகொண்டே அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்தாள்.

"உண்மைதான் மேடம்" என்றாள். "இவ பொய் சொன்னா காது சிவந்துடும். டீன்னு சொன்னப்போ சிவந்துச்சு. இப்ப பாருங்க, இல்லை."

நர்ஸம்மா எழுந்து வந்து உண்மையாகவே என் காதைப் பார்த்தார்! பார்த்துவிட்டு, "ஒரு மழை போதாது. இந்த மாசம் முழுக்க ஒருத்தர் தூக்கிப் பாக்கட்டும். யார் தூக்கறீங்க?" என்றார்.

சின்னவள் ஏற்கனவே தோளில் மாட்டி, வாரின் நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வாசல்வரை வந்தாள். "கேடுகெட்டவன்னெல்லாம் எழுதாதே" என்று என் தலையைத் தன் துண்டால் பரபரவென்று துவட்டிவிட்டாள். வலித்தது. தலையை இன்னும் குனிந்து கொடுத்தேன்.

"உள்ளே கவர் போட்டுக்கோடி" என்றேன். மனதாரச் சொன்னேன்.

"போட்டுக்கறேன். கொஞ்ச நாளைக்கு."

ஜூலை 17

மழை. சின்னவளிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. நான் போன் செய்யவில்லை. செய்யவே இல்லை! என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஜூலை 31

கம்பெனி திங்கட்கிழமை திறக்கிறதாம். சூப்பர்வைசர் போன் செய்தார். நர்ஸம்மாவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சூப்பர்வைசரிடம் நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "நாளைக்குள்ள சொல்லும்மா, இல்லாட்டி அந்த மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார்.

ஆகஸ்ட் 1

இவர் மட்டும் அமைதியாகச் சாப்பிட்டார். "போறதா இருந்தா போ. வேண்டாம்னா வேண்டாம். ரெண்டுக்கும் கடையில சோறு இருக்கு" என்றார். பதில் வராவிட்டாலும் தைப்பேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்த மெஷின் அடிக்கடி நூலை அறுக்கும், புதிதாக உட்காருகிறவளிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். போனை வைத்தேன். அப்புறம் ஒரு பாட்டு முணுமுணுத்தேன்.

ஆகஸ்ட் 9

எழுத நேரமே இல்லை. கூடம் முழுக்கத் துணி. எல்லாருக்கும் இதே பைதான் என்று நர்ஸம்மா நேற்று குழுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஒவ்வொருவர் உயரத்துக்கும் வாரை அளவெடுக்க வேண்டுமாம். முதலில் அவரே வந்து நின்றார். "குள்ளம்னு சிரிக்காம எடுங்க" என்றார். சிரிக்காமல்தான் எடுத்தேன். இவர் பெரிய மெழுகுக் கட்டி வார்க்க டின் ஒன்றைக் கடையிலிருந்து கழுவிக் கொண்டுவந்து தந்தார்.

சின்னவள் கடைசியாக வந்தாள். பை தோளில், வெளியே அடித்த மழை அதன்மேல் உருண்டைகளாக நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா? பொட்டலங்கள் அடுக்காக, கவர் இல்லாமல்.

"உனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். "என் நோயாளி ஒருத்தருக்கு உளியெல்லாம் வைக்க ஒரு பை வேணுமாம். மழையில துருப் பிடிக்குதாம். வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டார்."

யார் என்று கேட்கவில்லை. நாளைக்கு வீட்டில் இருந்தால் நானே வந்து அளவெடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "அவரே நடந்து வர்றாராம்."